பதினோரு துணி

ஒரு நாளைக்குப் பதினோரு துணி. அந்த ஐப்பசி மாசம் முழுக்க நான் எண்ணிக்கிட்டு இருந்தது அதைத்தான். சில நாள் பத்து, சில நாள் பன்னெண்டு. பதினொண்ணுன்னு வச்சுக்கிட்டாத் தப்பு வராது. பழைய வேட்டியை ரெண்டாக் கிழிச்சு, நாலா மடிச்சு, என் வீட்டுக்காரர் இடுப்புக்குக் கீழ போடுற துணி. நனைஞ்சதும் உருவணும், உடம்பைத் தொடைக்கணும், காஞ்சது ஒண்ணை உள்ள தள்ளணும். உருவுறதும் தொடைக்கிறதும் எனக்கு ஒரு வேலையே இல்ல. காஞ்ச துணிக்கு எங்க போறது? அதுலதான் என் உசுரு போச்சு.

அவருக்கு ஆடி மாசம் பக்கவாதம் வந்துச்சு. குறுவைப் பயிருக்கு மேலுரம் போட்டுட்டு வீட்டுக்கு வந்தவரு, கால் கழுவுற இடத்துலயே சாஞ்சுட்டாரு. வலது கையும் வலது காலும் போச்சு. பேச்சும் போச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிடுச்சு, 'ஆமா'. இட்லி வேணுமான்னா ஆமா. வேணாமான்னாலும் ஆமா. முப்பத்தாறு வருஷமா நான் எதைச் சொன்னாலும் 'இல்ல'ன்னு ஆரம்பிச்ச மனுஷன். "இப்பத்தான் எனக்கு அடங்கின புருஷனா ஆயிருக்கீங்க"ன்னு கிண்டல் பண்ணுவேன். அதுக்கும் ஆமாதான். வாயோட இடது ஓரம் மட்டும் லேசா சிரிக்கும்.

மூத்திரத்துக்கு ஆஸ்பத்திரியில ட்யூப் போட்டு அனுப்புனாங்க. அதுல கிருமி புகுந்து குளிர்க்காய்ச்சல் வந்து, எடுத்துட்டாங்க. டயப்பர் கட்டிப் பாத்தேன். நாலே நாள்ல தொடை இடுக்கெல்லாம் செவந்து தோல் உரிஞ்சு போச்சு. அப்புறம்தான் துணி. சுகாதார நிலையத்துலேருந்து வாரத்துக்கு ஒரு நாள் ஒரு நர்ஸம்மா வருவாங்க. சின்ன வயசு, ஆனா பேச்சு கறாரா இருக்கும். "துணியே நல்லதும்மா. ஆனா ஈரத்துல ஊறப் போட்டுடாதீங்க. முதுகுல தோல் ஒரு தடவை விட்டுச்சுன்னா புண்ணு உள்ள எறங்கிடும். அப்புறம் ஆளை மீட்க முடியாது"ன்னு சொன்னாங்க.

அவங்க சொல்லியா எனக்குத் தெரியணும்? என் கூடப்பொறந்த அண்ணன் படுக்கைப் புண்ணுலதான் போனாரு. எலும்பு தெரிஞ்சுது. கடைசி ஒரு மாசம் அந்த ரூமுக்குள்ள போக நானே தயங்கினேன். என் புருஷன் முதுகுல ஒரு பொட்டுப் புண்ணு வர விடமாட்டேன்னு அன்னைக்கே மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டேன். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்துல இருபத்தெட்டு வருஷம் ஆக்கிப் போட்டவ நான். வேலைக்கு அசர்ற ஆளு இல்ல.

புரட்டாசி வரைக்கும் வெயில் எனக்குத் துணையா இருந்துச்சு. காலையில அலசிப் போட்டா பத்து மணிக்கு அப்பளமாக் கிடக்கும். ஐப்பசி பொறந்து மழை பிடிச்சுது பாருங்க, அப்புறம் விடவே இல்ல. கொட்டித் தீத்துட்டுப் போற மழையா இருந்தாலும் நடுவுல ஒரு மணி நேரம் வெயில் அடிக்கும். இது அப்படி இல்ல. நாள் பூரா நசநசன்னு தூறல். வாசல்ல கட்டின கொடி சும்மாவே தொங்கிச்சு.

துணியெல்லாம் கூடத்துக்குள்ள வந்துச்சு. ஜன்னல் கம்பியிலேருந்து கதவுக் கொண்டிக்கு ஒரு நைலான் கயிறு. அதுக்குக் குறுக்க இன்னொண்ணு. நாற்காலி முதுகு, சைக்கிள் ஹேண்டில் பாரு, தையல் மெஷினு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி சூடா இருக்குற கம்பி, எதையும் விட்டு வைக்கல. குனிஞ்சு குனிஞ்சுதான் வீட்டுக்குள்ள நடக்கணும். மூஞ்சியில ஈரம் சப்புன்னு அறையும். காஞ்ச மாதிரி இருக்கும். கன்னத்துல ஒத்திப் பாத்தா ஜில்லுன்னு இருக்கும். கை பொய் சொல்லும், கன்னம் பொய் சொல்லாது. கன்னத்துல ஒத்திப் பாக்காம ஒரு துணியைக் கூட அவருக்குக் கீழ நான் போட்டதில்ல.

பிழியுறதுதான் பாதி காய வைக்கிறது. முன்னெல்லாம் வேட்டி, போர்வையெல்லாம் நாங்க ரெண்டு பேருமாத்தான் பிழிவோம். அவரு ஒரு முனை, நான் ஒரு முனை. அவரு வலப்பக்கம் முறுக்குவாரு, நான் இடப்பக்கம். வேணும்னே வெடுக்குன்னு இழுத்து என்னைத் தள்ளாட வைப்பாரு. "துணியைப் பிழியச் சொன்னா ஆளைப் பிழியுறீங்களே"ன்னு நான் கத்துவேன். இப்போ அவரு முனையை ஜன்னல் கம்பியில கட்டிட்டு நான் மட்டும் முறுக்கினேன். கம்பி இழுக்காது. அன்னைக்கு முதல் தடவை அப்படிக் கட்டினப்போ அழுதுட்டேன். அப்புறம் பழகிடுச்சு.

அயர்ன் பாக்ஸை வச்சுத் தேய்ச்சா புகை மாதிரி ஆவி கெளம்பும், பாதியில கரண்ட் போயிடும். சோறு வடிச்ச பானை மேல விரிச்சு வச்சேன். அடுப்புக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு நின்னு ஒண்ணைப் பொசுக்கினேன். சிங்கப்பூர்ல இருக்குற மகன் வீடியோவுல பாத்துட்டு, "என்னம்மா வீட்டை ஏலக்கடை மாதிரி வச்சிருக்கே. இங்கல்லாம் ட்ரையர்ல போட்டா ஒரு மணி நேரத்துல சூடா எடுக்கலாம். ஒண்ணு வாங்கிக் குடுக்கவா?"ன்னான். "சேந்தாப்புல ஒரு மணி நேரம் கரண்ட்டும் வாங்கிக் குடுடா"ன்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். பாவம், அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கு அப்போ யாரு வாயைத் திறந்தாலும் எரிச்சல்.

இதுக்கு நடுவுல நெல்லு. அவரு நட்ட குறுவை அது. மழைக்கு நடுவுல மெஷின் விட்டு அறுத்தோம். கொள்முதல் நிலையத்துல மெஷினை வச்சுப் பாத்துட்டு ஈரம் அதிகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பத்து மூட்டையையும் கூடத்துல தார்ப்பாய் விரிச்சுக் கொட்டினோம். ஒரு பக்கம் அவரு கட்டில், ஒரு பக்கம் நெல்லு, தலைக்கு மேல துணி. மூணுக்கும் சேத்து ஒரே ஒரு டேபிள் ஃபேன், அவரு தலைமாட்டுல ஸ்டூல் மேல. மேல சுத்துற ஃபேன் எப்பவோ கெட்டுப்போய்க் கிடந்துச்சு. மழை விட்டதும் பாப்போம்னு விட்டிருந்தோம்.

ஈர நெல்லைக் குவிச்சு வச்சா உள்ளுக்குள்ள சூடேறும், விவசாயம் பாக்குற வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கையை விட்டுப் பாத்தேன், கதகதன்னு இருந்துச்சு. புத்தி எங்க போச்சோ தெரியல. துணியைக் காய வைக்கணும்ங்கிற ஒரே நெனப்புல நாலு வேட்டித் துணியை எடுத்து அந்த நெல்லு மேலயே பரத்திப் போட்டேன். சூடு சும்மாத்தானே போவுதுன்னு. அடுப்படிக்குப் போய்த் திரும்பலை, கட்டில் சட்டத்துல இடது கையால டமடமன்னு அடிக்கிறாரு. மூஞ்சி செவந்து போச்சு. "ஆமா, ஆமா, ஆமா"ன்னு கத்துறாரு. அவரு வாழ்நாள்ல திட்டாத கெட்ட வார்த்தையெல்லாம் அந்த ஆமாவுல இருந்துச்சு. நெல்லு மேல ஈரத்துணி போடுற பொம்பளையை அவரு எங்க பாத்திருப்பாரு? நான் துணியை வாரிக்கிட்டு, "சரி சரி, அடிக்காதீங்க, கட்டில் உடையப் போவுது"ன்னேன். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு. அன்னைக்குத்தான் அவரு பழைய ஆளா இருந்தாரு.

அதுலேருந்து ஃபேனுக்குச் சண்டை. நான் ஃபேனைத் துணிப் பக்கம் திருப்பி வச்சுட்டு அடுப்படிக்குப் போவேன். வந்து பாத்தா நெல்லுப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும். ஸ்டூல் அவரு கைக்கு எட்டுற தூரம். இடது கையால மெதுவாத் தள்ளித் தள்ளித் திருப்பிடுவாரு. நான் மறுபடி திருப்புவேன். "உங்க முதுகு முக்கியமா, நெல்லு முக்கியமா?"ம்பேன். ஆமாம்பாரு. "எதுங்க ஆமா?"ம்பேன். கண்ணை மூடிக்குவாரு. நாத்தனார், அதான் அவரு தங்கச்சி, அடுத்த தெருவுலேருந்து ஒரு கை குடுக்க வரும். வந்து பாத்துட்டு, "என்ன அண்ணி, வாயே இல்லாத மனுஷனோடயும் சண்டையா"ன்னு கேக்கும்.

நெல்லை நான் காலால துழாவி விடுவேன். தார்ப்பாய்க்குள்ள எறங்கிப் பாதத்தை இழுத்து இழுத்து நடந்தா அடி நெல்லு மேல வரும். அப்போ அவரு என் புடவை ஓரத்தைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டுவாரு. ஓரம் நனைஞ்சு சொட்டச் சொட்ட நெல்லுல இழுபடும். நெல்லு ஈரமாவுதுன்னு சொல்றாருன்னு தூக்கிச் சொருகிக்குவேன். என் புடவை காஞ்சு எத்தனை நாளாச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல. கொடியில இருந்த இடமெல்லாம் அவரு துணிக்குத்தான். என் புடவையை மூலையில, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆணியில மாட்டி வைப்பேன். அங்க காத்தும் போவாது, வெளிச்சமும் போவாது. மறுநாள் எடுத்தா போட்ட ஈரம் அப்படியே இருக்கும், மக்கின நாத்தத்தோட. அதையே கட்டிக்குவேன். பதினஞ்சு இருபது நாள் அப்படித்தான். ஒரு இருமல் பிடிச்சுக்கிட்டு விடல. நான் இருமுறப்பெல்லாம் அவரு தலையைத் திருப்பி என்னைப் பாப்பாரு.

இப்போ சொல்லப் போறதை யார்கிட்டயும் நான் முழுசாச் சொன்னதில்ல.

அன்னைக்குக் காலையில விடிஞ்சதுலேருந்து கரண்ட் இல்ல. கொடி பூரா ஈரம். அலமாரியில காஞ்ச துணி ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதைப் போட்டேன். அரிசி களைஞ்சுட்டு வரல, நனைச்சுட்டாரு. எனக்கு எங்கேருந்து வந்துச்சோ அப்படி ஒரு ஆத்திரம். உருவின துணியைத் தரையில அறைஞ்சேன். "இப்பத்தானே போட்டேன். கொஞ்சம் அடக்கிக்கிட்டாத்தான் என்னவாம்? தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு ஊத்துறீங்க. நான் என்ன மனுஷியா, இல்ல மெஷினா? ஒரு காஞ்ச துணிக்கு நான் நாய் படாத பாடு படுறேன். உங்களுக்கு என்ன, படுத்துக்கிட்டு இருக்கீங்க"ன்னு கத்தினேன். படுத்துக்கிட்டு இருக்குறது அவரு இஷ்டம் மாதிரி.

அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "ஆமா"ன்னாரு.

எனக்கு உடனே மனசு கேக்கல. என்னோட உள்பாவாடை ஒண்ணு பழசு, கொஞ்சம் காஞ்சிருந்துச்சு. அதை மடிச்சுப் போட்டேன். தலையைத் தடவிக் குடுத்தேன். ஆனா சொன்னதை இல்லைன்னு சொல்லல. சொல்லியிருக்கலாம். வாய் எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு.

மத்தியானம் தண்ணி குடுத்தப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. டம்ளரை உதட்டுல வச்சா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஸ்பூன்ல குடுத்தாலும் அதேதான். இட்லியை வாங்கிக்கிட்டாரு. பிசைஞ்ச சோத்தை நாலு வாய் வாங்கிக்கிட்டாரு. தண்ணி மட்டும் இல்ல. கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன். கோவம் வந்தா அவரு அப்படித்தான். கல்யாணமான புதுசுல ஒரு சண்டைக்கு மூணு நாள் என் கையால ஒரு வாய் காப்பி குடிக்கல, தங்கச்சி வீட்டுல போய்க் குடிச்சுட்டு வருவாரு. நாலாவது நாள் அவரா வந்து உக்காந்தாரு, ஒண்ணும் நடக்காத மாதிரி. அந்த வீம்புன்னு நெனச்சேன். நானும் வீம்புக்காரிதான். குடிக்கலைன்னா போங்க, தாகம் எடுத்தா தானா வாயைத் திறப்பீங்கன்னு விட்டேன்.

அன்னைக்கு எட்டுத் துணி. மறுநாள் அஞ்சு. அதுக்கு மறுநாள் மூணு.

சந்தோஷமா இருந்துச்சு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சந்தோஷமா இருந்துச்சு. கொடியில இடம் கிடைச்சுது. அலமாரியில நாலு காஞ்ச துணி மடிச்சு வச்சிருந்தேன், நகை மாதிரி. கதவைத் திறந்து திறந்து அதைப் பாத்துக்குவேன். அவரு முதுகைத் திருப்பிப் பாத்தா பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு, ஒரு செவப்புக் கூட இல்ல. நாத்தனாரைக் கூப்பிட்டு, "பாரு, உங்கண்ணன் இப்போ கட்டுப்பாட்டுக்கு வந்துட்டாரு. இன்னைக்கு மூணே துணிதான்"னு பெருமை அடிச்சேன். அதுவும், "நல்லாயிக்கிட்டு வருது அண்ணி, நரம்பு வேலை செய்யுது போல"ன்னுச்சு. ரெண்டு பேருமாச் சேந்து நல்லா ஆவுதுன்னு முடிவு பண்ணிட்டோம். பேச்சுக் கூட வந்துடும்னு பேசிக்கிட்டோம்.

அந்த ரெண்டு மூணு நாளா ஃபேன் ஒரு விசித்திரம் பண்ணுச்சு. காலையில எழுந்து பாத்தா அது துணியையும் பாக்காது, நெல்லையும் பாக்காது. பீரோ மூலையைப் பாத்துக்கிட்டு நிக்கும், என் புடவை தொங்குற ஆணியை. கழுத்து லூசாயிடுச்சுன்னு நெனச்சேன். திருப்பி வச்சேன். மறுநாளும் அப்படியே. அன்னைக்குச் சாயங்காலம், துணிதான் கம்மியா இருக்கே, இவரு ஆசைப்பட்ட மாதிரி நெல்லுக்கே காத்து போவட்டும்னு, ஃபேனை நெல்லுப் பக்கம் திருப்பி, அதோட கம்பிக் கூண்டுல ஒரு சணல் கயித்தைக் கோத்து, கட்டில் தலைமாட்டுச் சட்டத்துல இழுத்து ரெண்டு முடிச்சாப் போட்டேன். "இந்தாங்க, உங்க நெல்லுக்கே வச்சுட்டேன். இப்போ திருப்தியா? தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டேன். ஆமான்னாரு. டம்ளரைக் கொண்டுபோனா பல்லைக் கடிச்சுக்கிட்டாரு.

மறுநாள் காலையில குளிச்சுட்டு வந்து மூலையில இருந்த புடவையை எடுத்தேன். கன்னத்துல ஒத்தினேன். காஞ்சிருந்துச்சு. நல்லா, சுருக்கமெல்லாம் வெறைச்சு நிக்கிற மாதிரி காஞ்சிருந்துச்சு. இருபது நாளைக்கு அப்புறம் உடம்புல காஞ்ச துணி பட்டுது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்றது? பச்சைப் புள்ளையைத் துவட்டிப் போர்வையில சுத்தின மாதிரி இருந்துச்சு. அவரு கிட்டப் போய் முந்தானையைக் காட்டி, "பாருங்க, இன்னைக்கு எனக்கே காஞ்ச புடவை. மழை விடப் போவுது போல"ன்னேன். அவரு உதடெல்லாம் வெடிச்சு, வெள்ளை படிஞ்சு இருந்துச்சு. பாத்தேன். எண்ணெய் தடவி விடணும்னு நெனச்சேன். இடது ஓரம் லேசாச் சிரிச்சாரு. "ஆமா"ன்னாரு. சத்தம் சரியா வரல.

ஃபேன் மூலையைப் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. கயிறு அவுந்துடுச்சு போலன்னு நெனச்சதோட சரி.

பத்து மணிக்கு நர்ஸம்மா வந்தாங்க. குடையை மடக்கிக்கிட்டே, "முதுகு எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, "முதுகு கண்ணாடி மாதிரி இருக்கும்மா. துணி கூட இப்போ மூணுதான் மாத்துறேன். நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணு கூட நனைக்கல"ன்னேன். பரிசு வாங்கப் போற புள்ளை மாதிரி சொன்னேன்.

அவங்க முகம் மாறிப் போச்சு. அவரு கையில தோலைக் கிள்ளித் தூக்கினாங்க. கிள்ளினது கிள்ளினபடியே நின்னுச்சு, எறங்கல. நாக்கை நீட்டச் சொன்னாங்க. காஞ்ச கருவாடு மாதிரி இருந்துச்சு. "எத்தனை நாளாத் தண்ணி குடிக்கல?"ன்னு கேட்டாங்க.

நாலு விரலைக் காட்டினேன்.

"துணி கொறைஞ்சா நல்லதுன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாங்க.

ஆம்புலன்ஸ் பூதலூர்லேருந்து வர்றதுக்குள்ள நான் அவரு பக்கத்துல உக்காந்து ஸ்பூனால தண்ணியை வச்சு வச்சுப் பாக்குறேன். பல்லு திறக்கல. "நான் சும்மா கத்தினேங்க. நூறு துணி நனைங்க, நான் தொவைக்கிறேன். என்னைப் பாருங்க. கோவத்துல சொன்னதுங்க அது"ன்னு கெஞ்சினேன். தஞ்சாவூர் போறதுக்குள்ள அவருக்கு நெனவு தப்பிப் போச்சு. உடம்புல தண்ணியே இல்ல, கிட்னி ரெண்டும் நின்னுக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொன்னாரு. கையில ஊசியைக் குத்திப் பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க. நான் அவரு கீழ விரிச்சிருந்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நனையாதான்னு. சாமியெல்லாம் வேண்டிக்கிட்டேன், ஒரே ஒரு தடவை நனைஞ்சுடாதான்னு. ரெண்டு நாள் அது காஞ்சேதான் இருந்துச்சு. மூணாம் நாள் விடிகாலையில போயிட்டாரு.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துல கெடத்தினோம். கொடியை எல்லாம் யாரோ அவுத்திருந்தாங்க. நெல்லை மூட்டை கட்டி ஓரமா அடுக்கியிருந்தாங்க. மகன் சிங்கப்பூர்லேருந்து வந்து சேந்தான். உறவுமுறைக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து கோடி போட ஆரம்பிச்சாங்க. பங்காளி வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி, என் பொறந்த வீட்டுக் கோடி. எல்லாம் புது வேட்டி. மடிப்புக் கலையாத, கஞ்சி மொடமொடப்பு போவாத, காஞ்ச வேட்டி. ஒண்ணு மேல ஒண்ணு, ஒண்ணு மேல ஒண்ணு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என்னை அறியாம எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். பதினொண்ணு தாண்டுச்சு.

"இப்போ கொண்டாந்து போடுறீங்களே. இதுல ரெண்டு அன்னைக்குக் கொண்டாந்திருந்தா நான் அவரை ஏசியிருக்க மாட்டேனே"ன்னு சொன்னேன். துக்கத்துல உளர்றேன்னு நாத்தனார் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுச்சு. அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் கேட்டிருக்கலாம். பழைய வேட்டி குடுங்கன்னு தெருவுல கேட்டா யாரு இல்லைன்னு சொல்லப் போறாங்க? மூத்திரத் துணிக்கு வேட்டி கேக்குறதான்னு ஒரு ரோஷம். எல்லாம் நானே பாத்துக்குவேன்கிற திமிரு. அத்தனை கோடியும் தூறல்ல நனைஞ்சுக்கிட்டே ஆத்தங்கரைக்குப் போச்சு.

கட்டிலைக் கழுவி வெளியில போடணும்னாங்க. நானே செய்யிறேன்னு சொல்லிட்டேன். மெத்தையைத் தூக்கினேன். ரப்பர் ஷீட்டை உருவினேன். தலைமாட்டுல, சுவர் ஓரமா, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு கயிறு கெடந்துச்சு. நான் ஃபேனைக் கட்டின சணல் கயிறு.

அது அவுந்து விழுந்த கயிறு இல்ல. நான் போட்ட ரெண்டு முடிச்சும் கட்டை விரல் கனத்துக்கு இறுகிப் போயி அப்படியே இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல கயிறு அறுந்திருந்துச்சு. கத்தி பட்ட மாதிரி இல்ல. நார் நாரா நைஞ்சு, கடிச்சுக் கடிச்சு அறுத்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு மூணு நாரு கருப்பாக் காஞ்சு ஒட்டியிருந்துச்சு, ரத்தம். ஈறுலேருந்து வந்திருக்கணும்.

அது வரைக்கும் எனக்கு ஒரு போக்கிடம் இருந்துச்சு. கோவத்துலதான் தண்ணி குடிக்காம இருந்தாருன்னு நெனச்சுக்கலாம். வீம்பு பிடிச்ச மனுஷன், நான் ஏசினதுக்குப் பழி வாங்கிட்டாருன்னு ஆயுசுக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்துடலாம். இல்லைன்னா நெல்லுக்காகன்னு சொல்லிக்கலாம். துணி கொறைஞ்சா நெல்லுக்குக் காத்து கிடைக்கும், விவசாயி புத்தின்னு சொல்லிக்கலாம். ஆனா நான் நெல்லுக்குத்தானே கட்டி வச்சேன்? அவரு நெல்லுலேருந்துதான் ஃபேனை அறுத்து எடுத்திருக்காரு, என் புடவைக்கு.

கயித்தைக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கட்டில் சட்டத்துலயே உக்காந்துட்டேன். நாலு நாளா ஒரு ஸ்பூன் தண்ணிக்குக் கூடத் திறக்காத பல்லு அது. மகன் உள்ள வந்து, "ஏம்மா குளிச்சுட்டு இன்னும் ஈரப் புடவையோட உக்காந்திருக்கே, மாத்திக்க"ன்னான்.

"ஆமா"ன்னேன்.